வெறும் வயிற்றில் வரவும்

மாமனாரின் கையில் நரம்பு கிடைப்பது இப்போதெல்லாம் சுலபமாகிவிட்டது. போன வருடம்வரை ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி இறுக்கச் சொல்லி, தட்டித் தடவித் தேட வேண்டியிருந்த நரம்பு, இப்போது கட்டுவதற்கு முன்பே நீலமாக மேலெழுந்து நிற்கிறது. ஆள் இளைத்தால் நரம்பு தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விடிந்ததிலிருந்து ஊசி குத்துகிற மருமகளுக்கு இது தெரியாதா? வேறு யார் கையிலாவது இப்படிச் சிக்கினால் அப்பாடா என்றிருக்கும். சனிக்கிழமை காலை, முகம் கழுவிய ஈரத்தோடு சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து, கையை அவள் பக்கம் நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்த இந்த மனிதரின் கையில் அது முதல் குத்திலேயே சிக்கியபோது அவளுக்கு அப்படி இருக்கவில்லை.

"வெறும் வயிறுதானே மாமா?"

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணிதான்," என்றார் மாமனார், சுவரிடம்.

அவர் அவளிடம் பேசுவது எப்போதுமே அப்படித்தான். சுவரிடம் பேசுவார், மின்விசிறியிடம் பேசுவார், திறந்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியிடம் பேசுவார். "யாராவது ஒரு வாய் டீ போட்டா நல்லாயிருக்கும்" என்பார், வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்றாலும். அதில் வெறுப்பு ஒன்றும் கிடையாது. மாமியார் இருந்தவரை இந்தப் பக்கச் செய்தி அந்தப் பக்கமும் அந்தப் பக்கச் செய்தி இந்தப் பக்கமும் அந்த அம்மாள் வழியாகவே போய்வந்தன. அந்த அம்மாள் இறந்துபோன பிறகு நேராகப் பேசிப் பழக இருவருக்குமே கூச்சமாகப் போய்விட்டது. மகன், அதாவது அவள் கணவன், கப்பல் வேலையில் இருந்தான். வருடத்தில் பெரும்பகுதி தண்ணீரில். தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் முதல் கேள்வி "அப்பா ஒழுங்கா சாப்பிடறாரா?" என்பதுதான். அவளும் முழு நம்பிக்கையோடு பதில் சொல்லிவந்தாள். "நீங்க வேற. தட்டைக் கழுவவே வேணாம், அவ்வளவு சுத்தமா வருது. மீன் முள்ளைக்கூட விடறதில்ல. இந்த வயசுல அந்தப் பல்லு யாருக்கு இருக்கும்?"

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இரவில் அவள் தட்டில் போட்டு அவர் அறையில் வைத்துவிட்டு வந்தால், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். அரைமணி கழித்துத் தட்டு துடைத்ததுபோல் வாசலில் இருக்கும். ஆனால் சட்டை தோளில் நிற்கவில்லை. இடுப்பில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டாயிற்று. சர்க்கரை எப்போதும் மேலே இருந்த மனிதருக்கு மாதாமாதம் கீழே இறங்கியது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், மறுபடி குறைத்தார், பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு புதன்கிழமைக்கு வயிற்று ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். நன்றாகச் சாப்பிட்டும் உருகிப்போகிறவர்களின் ரத்தம் அவள் கை வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறது. அந்தக் குழாய்களில் ஒட்டிய பெயர்கள் சில மாதங்களுக்கு மேல் திரும்பி வந்ததில்லை. கணவனிடம் அவள் இதை இன்னும் சொல்லவில்லை. நடுக்கடலில் இருக்கிறவனிடம் சொல்லி அவன் என்ன செய்வான், கப்பலையா திருப்புவான்?

இத்தனை கவலைக்கு நடுவில்தான் அவள் பூனை விவகாரத்தையும் இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் குடியிருப்பு மூன்று மாடி. பின்னால் துணி காயப்போடும் இடம், மோட்டார் அறை, வண்டிகள் நிற்கும் தகரக் கொட்டகை. மனிதர்களுக்கு வீட்டு எண் உண்டு. பூனைகளுக்கு அது கிடையாது என்பதால் எல்லா வீடும் அவற்றின் வீடு. சங்கத் தலைவரின் காரைத் துடைத்து வைத்தால் அடுத்த நிமிடம் அதன்மேல் கால்தடம். டியூசன் டீச்சரின் செருப்பு அலமாரியில் குட்டி. அவளுடைய மாமனாரின் ஸ்கூட்டர் சீட் நார்நாராகத் தொங்கியது. விடியற்காலையில் இரண்டு கடுவன்கள் தகரத்தின்மேல் நின்று ஒன்றையொன்று விசாரிக்கிற சத்தத்தில் மூன்று மாடியும் எழுந்து உட்கார்ந்தது. இத்தனை பூனைகளுக்கும் தாய் அரைமீசைதான். வெள்ளைப் பூனை, மூக்குக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் கறுப்பு. யாரோ மீசை வரைய ஆரம்பித்துவிட்டுப் பாதியில் எழுந்துபோனதுபோல் இருக்கும். ஈன்ற மடி வற்றுவதற்குள் அடுத்த வயிறு. போன முறை மோட்டார் அறையில் போட்ட குட்டிகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. அவை ஒவ்வொன்றையும் வாயில் கவ்வி அது வெளியே கொண்டுவந்து வைத்ததை அவள் துணி எடுக்கப் போனபோது பார்த்தாள்.

சங்கக் கூட்டத்தில் பூனை பிடிக்கும் கம்பெனியை வரவழைப்பது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பிடித்துக்கொண்டுபோய் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கூட்டத்திலேயே அதிகம் கொதித்தவர் அவளுடைய மாமனார்தான். மின்கம்பத்தில் ஏறி இறங்கியே உத்தியோக காலத்தை முடித்தவர், பொது இடத்தில் வாய் திறக்காதவர், அன்று எழுந்து நின்று, "ஒண்ணு விடாமப் பிடிக்கணும். என் வண்டி சீட்டை வந்து பாருங்க," என்றார். தலைவர் மேசையைத் தட்டி ஆமோதித்தார்.

அவள்தான் குறுக்கே விழுந்தாள். அவளுக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் ஒரு பெண், கூண்டு வைத்துத் தெருப்பூனைகளைப் பிடித்து, குட்டி போடாமலிருக்க அறுவை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள் என்று எடுத்துச் சொன்னாள். அவளைக் குடியிருப்பில் ஊசியக்கா என்பார்கள். எல்லோருடைய சர்க்கரையும் கொழுப்பும் அவளுக்கு அத்துப்படி. தன் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தவளைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார்கள். அன்றைக்குள் பிடித்தால் சரி, இல்லாவிட்டால் திங்கட்கிழமை கம்பெனி வரும். கால்நடை டாக்டர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. பசி இருந்தால்தான் பூனை கூண்டுக்குள் நுழையும். ஆகவே சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து யாரும் எதுவும் போடக்கூடாது.

"நாங்க என்னத்துக்குப் போடப்போறோம்? போடறவங்களைச் சொல்லுங்க," என்றாள் தலைவரின் மனைவி.

"சோறா? இதுங்களுக்கா?" என்றார் மாமனார், கொட்டகைத் தூணிடம்.

எல்லோரும் சத்தியம் செய்யாத குறை. நியாயமாகப் பார்த்தால் அவள் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் யாரும் வெறும் வயிற்றில் வருவதில்லை என்பது அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். சத்தமாக "ஒண்ணுமே சாப்பிடலைங்க" என்கிறவரின் மீசையில் பால் காய்ந்திருக்கும். "மாத்திரை போடணுமேன்னு ரெண்டு வாய்", "காபி மட்டும்", "பிஸ்கட் சாப்பாட்டுல சேருமா?" நாள் முழுவதும் இதைக் கேட்கிறவள், பூனைகளின் பட்டினிக்கு மனிதர்களின் வாய்ச்சொல்லை நம்பினாள்.

ஞாயிறு காலையிலேயே டாக்டர் கூண்டுகளோடு வந்து இறங்கினாள். மோட்டார் அறை ஓரம், மாடிப்படிக்கு அடியில், கொட்டகைக்குப் பின்னால் என்று வைத்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் டின் மீனைப் போட்டாள். மணம் இரண்டாவது மாடிவரை போயிற்று. பூனைகள் வந்தன. மோந்து பார்த்தன. கூண்டு வாசலிலேயே உட்கார்ந்து முன்னங்காலை நக்கி முகம் துடைத்துக்கொண்டன. ஒரு சாம்பல் கடுவன் கூண்டின் மேலேயே ஏறிப் படுத்துத் தூங்கியது. அவளும் டாக்டரும் துணிக்கொடிக்குப் பின்னால் ஒளிந்து நின்று கால் கடுத்ததுதான் மிச்சம்.

"அக்கா, பசிச்ச பூனை இப்படி உட்கார்ந்து முகம் கழுவாது," என்றாள் டாக்டர். "எங்கேயோ சாப்பாடு நடக்குது."

மத்தியானம் அவள் வீடு வீடாகப் படியேறினாள். கோபமாகப் போகவில்லை. பரிசோதனைக் கூடத்தில் பேசுகிற குரலிலேயே, "திட்டமாட்டேன். கடைசியா எப்போ, என்ன போட்டீங்க, எவ்வளவு?" என்று கேட்டாள். அந்தக் குரலுக்கு முன்னால் ஆட்கள் பொய் சொல்லத் தடுமாறுவார்கள். டியூசன் டீச்சர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "பால்னு சொல்ல முடியாதுக்கா. தண்ணி நிறைய கலந்தது," என்றாள். மேல்மாடிக் கம்ப்யூட்டர் தம்பி வேளாவேளைக்குக் கடையில் வாங்கிய பூனைத் தீனியே வைத்திருந்தான். தலையைச் சொறிந்துகொண்டு, "நான் ஒருத்தன் போட்டா என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்," என்றான். தலைவரின் மனைவி குளியலறை ஜன்னல் வழியாகக் கயிற்றில் ஒரு கிண்ணத்தை இறக்குகிறாளாம். "அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா குதிப்பார்." சரி என்று அவள் கீழே வந்தால், காருக்கு அடியில் குனிந்துகொண்டிருந்த தலைவர் நிமிர்ந்து, கையிலிருந்த பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "நேத்து ராத்திரி கொஞ்சம், இப்போ கொஞ்சம். திடீர்னு நிறுத்தினா பாவமில்லையா? வீட்டுல சொல்லிடாதம்மா."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேட்டிருக்கிறாள்; ஒரு குடியிருப்பே சேர்ந்து ஆட்டுவதை அன்றுதான் பார்த்தாள். ஒவ்வொரு வீடும் மற்ற வீடுகளெல்லாம் பட்டினி போடும் என்று நம்பி, நாம் ஒருவராவது என்று இரக்கப்பட்டிருக்கிறது. படிக்கட்டில் தனியாக நின்று அவள் சிரித்தாள். சிரித்து நாளாயிற்று என்பது சிரித்த பிறகுதான் தெரிந்தது. ஒரே வீட்டில்தான் அவள் விசாரிக்கவில்லை. தன் வீட்டில். எதற்கு?

தட்டுகள் நின்றதும் பசி வேலை செய்தது. வெயில் சாய்ந்தபோது முதல் கூண்டின் கதவு விழுந்தது. சாம்பல் கடுவன். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. டாக்டர் ஒவ்வொரு கூண்டையும் துணியால் மூடி வண்டியில் ஏற்றினாள். எல்லாம் வந்தன, அரைமீசையைத் தவிர. அது காலையில் மோட்டார் அறைக் கூரையில் ஒருமுறை தலைகாட்டியதோடு சரி. யார் வீட்டில் கேட்டாலும் அது தங்களிடம் வருவதே இல்லை என்றார்கள். மாதக்கணக்காயிற்றாம். அவர்களுக்கு அந்த நேரத்தில் பொய் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

"இதைப் பிடிக்கலைன்னா மத்ததைப் பிடிச்சுப் பிரயோசனம் இல்லக்கா," என்றாள் டாக்டர். "வெளியிலிருந்து ஒரு கடுவன் வந்தாப் போதும், மறுபடி நெறைஞ்சுடும். நாளைக்கு உங்க கம்பெனிக்காரன் முதல்ல இதைத்தான் பிடிப்பான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லாப் பூனையிலயும் இதுதான் பளபளன்னு இருக்கு. யாரோ இதை உட்காரவெச்சுச் சோறு போடறாங்க."

விளக்கு போடும் நேரம்வரை காத்திருப்பதாகச் சொன்னாள். அந்த இடைவெளியில் ஊசியக்கா வீட்டுக்குள் வந்து, குழம்பைச் சூடு செய்து, இரண்டு துண்டு மீனோடு மாமனாரின் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். "இவ்வளவு சீக்கிரமா?" என்று அவர் கடிகாரத்தைக் கேட்டார். ஆனால் மறுக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. அவள் பின்பக்கம் போய், மோட்டார் அறையைச் சுற்றி, இன்னொரு முறை தேடினாள். துணிக்கொடிகளுக்கு நடுவே வீட்டின் பின்சுவரை ஒட்டி வந்தபோது மாமனாரின் குரல் கேட்டது. அந்த மனிதர் இத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதே இல்லை. தொலைபேசியில் மகனோ என்று நினைத்தாள்.

"மெதுவா தின்னு. யாரும் பிடுங்கமாட்டாங்க. முள்ளுக்கு ஏன் பறக்குற, அதுவும் உனக்குத்தான். குழம்புல உப்பு இன்னைக்கு ஒரு கல் தூக்கல். தெரியுதா? சொல்லிக்கிட்டுத் திரியாத. பாவம், அந்தப் பொண்ணு காலையிலேருந்து கூண்டுகிட்டயே நிக்கிறா. ஒரு வாய் டீ குடிச்சாளோ என்னமோ."

ஜன்னல் கம்பிக்கும் திரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. மாமனார் கட்டிலின் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் தரையில் விரித்த செய்தித்தாளின்மேல் அரைமீசை. மீனின் சதையெல்லாம் அதற்குப் போயிருந்தது. சோற்றிலும் பாதி அதன் பக்கம். அது தின்றுவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கும்; உடனே அவர் ஒரு வாய் எடுத்துத் தானும் போட்டுக்கொள்வார். அது குனிந்தால் அவர் கை நின்றுவிடும். தட்டில் மிச்சம் இருந்ததைப் பூனை வழித்து நக்குவதற்கு அவர் சாய்த்துப் பிடித்தார். தட்டு துடைத்ததுபோல் ஆயிற்று.

அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. ஆறுதல்தான். கணையக் கோளாறு இல்லை, கட்டி இல்லை, அவள் ராத்திரி ராத்திரியாகத் தேடிப் பார்த்த எந்தப் பெரிய வியாதியின் பெயரும் இல்லை. மனிதர் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். மீன் முள்ளைக் கடித்துத் தின்னும் மாமனார் என்று கடல் தாண்டிப் பெருமை அடித்தோமே என்று நினைத்தபோது கோபமும் வந்தது. அதன் பின்னாலேயே, கதவைச் சாத்திவிட்டு ஒருவர் தெருப்பூனையிடம்தான் தன் நாளைச் சொல்ல முடிகிறது என்றால் அந்த வீட்டில் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற வருத்தம் வந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தட்டினாள்.

"ஜன்னல் வழியா உள்ள வந்துடுச்சு," என்றார் மாமனார், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே. "இப்பத்தான். துரத்தணும்."

அரைமீசை செய்தித்தாளை விட்டு அசையாமல், வந்தவளைப் பார்த்துவிட்டு மறுபடி வாயை நக்கியது.

"எவ்வளவு நாளா மாமா?" பரிசோதனைக் கூடக் குரலைத்தான் அவள் எடுக்கப் பார்த்தாள். அது பாதியில் உடைந்துபோனது.

அவர் பூனையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பேச இந்த முறை சுவர் எதுவும் கிடைக்காததுபோல் கடைசியில் அவளைப் பார்த்தார். "தனியா இறங்க மாட்டேங்குதும்மா. உன் அத்தை இருந்தவரைக்கும் எதிர்ல உட்கார்ந்து எதையாவது சொல்லித் திட்டிக்கிட்டே இருப்பா. அந்தத் திட்டோட சேர்ந்துதான் சோறு உள்ள போகும். இப்போ சத்தமே இல்லையா, தொண்டையிலேயே நிக்குது. இது ஒருநாள் வந்து எதிர்ல உட்கார்ந்துச்சு. நாலு வாய் இறங்குச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? தனியாச் சாப்பிட பயமா இருக்குன்னா? வேலை முடிஞ்சு நீ வர்றதே அரை உயிரா வர்ற."

"அப்புறம் எதுக்குக் கூட்டத்துல அப்படிப் பேசினீங்க?"

"சீட்டைக் கிழிச்சதும் உண்மைதானே," என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அத்தனை நாள் விளக்குமாத்தோட துரத்தினவன், திடீர்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வேணாம்னு சொல்றது? கம்பெனி வந்தா இதை மட்டும் உள்ள பூட்டி வெச்சுக்கலாம்னு இருந்தேன்," என்றார்.

வெளியே டாக்டர் வண்டியின் விளக்கைப் போட்டாள். வெளிச்சம் திரையில் விழுந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, செத்த குட்டிகளை அது கவ்விக் கவ்விக் கொண்டுவந்ததைச் சொன்னாள். இன்னும் ஒரு வயிற்றை அந்த உடம்பு தாங்காது என்றாள். எத்தனை நாள் அறைக்குள் பூட்டிவைக்க முடியும், ஒரு ஜன்னல் திறந்தால் போதாதா என்று கேட்டாள். இன்றைக்கு அது அந்த வண்டியில் ஏறியாக வேண்டும். அது வேறு யார் கைக்கும் வராது, அவர் கைக்குத்தான் வரும்.

"நான் மாட்டேன்." அவர் குரல் உயரவில்லை. "என்னை நம்பிச் சாப்பிட வருது. சாப்பிட வந்ததைத் தூக்கிக் கூண்டுல போடறதா? வேற யாராவது செய்யட்டும்."

"ரெண்டு நாள்ல கொண்டுவந்து விட்டுடுவாங்க மாமா."

"இந்த இடத்துக்கு வரும். என்கிட்ட வருமா?"

எறும்பு கடித்ததுபோல்தான் இருக்கும் என்று ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் அவள் சொல்லும் பொய் ஒன்று உண்டு. அது நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. "தெரியலை மாமா," என்றாள். "வராமலும் போகலாம்."

அவர் எழுந்து, கொடியில் கிடந்த தன் துண்டை எடுத்தார். அரைமீசை அதை விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, தானாகவே துண்டின்மேல் ஏறி உட்கார்ந்தது. அவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் முதுகைத் தடவியபடி பின்வாசல் வழியாக வெளியே வந்தார். மூன்று மாடியிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒன்று விடாமல் பிடிக்கவேண்டும் என்று முழங்கியவர் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. தலைவர் அவசரமாகத் தன் கார்ச் சக்கரத்தை ஆராயத் தொடங்கினார். அவரவர் கிண்ணம் அவரவருக்குத் தெரியும் அல்லவா?

கூண்டின் வாயை டாக்டர் மேல்நோக்கிப் பிடித்திருந்தாள். அவர் குனிந்து இறக்கினார். கம்பி காலில் பட்ட நொடியில் அரைமீசைக்குப் புரிந்துவிட்டது. உடம்பை முறுக்கிக்கொண்டு அவர் கைமேல் ஏறப் பார்த்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நகம் இழுத்தது. அவர் கையை உதறவில்லை. முழுவதுமாக உள்ளே இறங்கும்வரை அப்படியே பிடித்திருந்து, பிறகு மெல்ல உருவிக்கொண்டார். கதவு விழுந்தது. மற்ற பூனைகளைப்போல அது மோதவோ கத்தவோ இல்லை. மூலையில் ஒடுங்கி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் துணியைப் போட்டு மூடினாள்.

ஊசியக்கா அவரை மாடிப்படியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள். நாளைக்குத் தன்னோடு வந்து தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். அவர் தலையாட்டினார். வண்டி திரும்பி வாசலைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூடிட்டாங்களே, காத்து போகுமா உள்ள?" என்று கேட்டார்.

"போகும் மாமா."

அன்று இரவு அவள் மறுபடி வைத்த தட்டும் மறுநாள் இரவுத் தட்டும் முதல்முறையாக உள்ளதை உள்ளபடி சொல்லின. மீன் ஆறிக் கிடந்தது, சோறு ஒரு ஓரம் மட்டும் கலைந்திருந்தது. அவள் வாசற்படியில் தயங்கி நின்றால், "நீ போய்ப் படும்மா," என்றார். உள்ளே நுழைந்து உட்கார அவளுக்கும் கால் வரவில்லை. இத்தனை வருடத்துக் கூச்சம் ஒரே நாளில் போய்விடுமா என்ன? ஸ்கேனை அவள் ரத்து செய்யவில்லை. காரணம் தெரிந்தாலும் பார்த்துவிடுவதுதான் அவள் தொழில் புத்தி. கம்பெனிக்காரர்களைத் தலைவரே தொலைபேசியில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது பெருந்தன்மையாகச் சொன்னாராம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்டி திரும்பி வந்தது. ஒவ்வொரு கூண்டாகத் திறந்துவிட்டார்கள். இடது காது நுனி மழுங்கிய பூனைகள் நாலாபக்கமும் சிதறின. சாம்பல் கடுவன் மட்டும் கொஞ்சதூரம் போய் நின்று, நடந்ததற்கு யார் பொறுப்பு என்பதுபோல் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. மாமனார் கட்டுப்போட்ட கையோடு பின்வாசலில் நின்றிருந்தார். அரைமீசையின் கூண்டை டாக்டர் அவருக்கு நேராகவே வைத்துத் திறந்தாள். அது வெளியே பாய்ந்தது. அவர் காலை ஒட்டியே ஓடி, மோட்டார் அறைக்குப் பின்னால் மறைந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அவர் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரவு அவள் இரண்டு தட்டு போட்டாள். ஒன்றை அவர் முன்னால் வைத்துவிட்டு, இன்னொன்றோடு அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்ததையும், ரத்தம் கொடுக்க வந்தவரே அவளுக்குத் தண்ணீர் தெளித்ததையும் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். பிசைவது நின்றது. அவளையும் அவள் உட்கார்ந்த இடத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கமா தள்ளி உட்காரும்மா. அது வந்தா அங்கதான் உட்காரும்."

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து செய்தித்தாளை எடுத்து, காலியான இடத்தில் விரித்து, மீனில் ஒரு துண்டைப் பிட்டு அதன் நடுவில் வைத்தார். திரையை ஒதுக்கி ஜன்னலை முழுவதுமாகத் திறந்தார். பிறகு வந்து உட்கார்ந்து, "தண்ணி தெளிச்சதும் அந்தப் பொண்ணு எழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாய் போட்டுக்கொண்டார். அவளும் போட்டுக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில் செய்தித்தாளின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது. சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்பதற்காக இருவரும் மெதுவாகவே சாப்பிட்டார்கள்.